காற்று படாத தண்ணீர்

அந்த ஓவியத்தில் எல்லாமே காற்றுக்கு வளைந்திருந்தது, ஒரு கையகலத் தண்ணீரைத் தவிர.

பெரிய கப்பலின் பாய்மரங்கள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. சுருட்ட நேரமில்லாமல் கிழிந்துபோன பாய் ஒன்று, கொடியில் காயப்போட்ட துணியைப் புயல் பிடித்துக்கொண்ட மாதிரி, வலப்பக்கமாகத் துடித்துக்கொண்டிருந்தது. கொடிகள், கடற்பறவைகள், தூரத்தில் தத்தளித்த இன்னும் இரண்டு கப்பல்கள், அலைகளின் நுரை என்று எல்லாவற்றையும் ஒரே சீப்பால் ஒரே பக்கம் வாரிவிட்டிருந்தான் வரைந்தவன். படத்தில் முக்கால்வாசி வானம்தான். அதன் கீழே மனிதர்கள் எறும்பு அளவுக்குக் கயிறுகளில் தொங்கினார்கள், ஒவ்வொரு கயிறும் ஒற்றை மயிரால் இழுத்த கோடு. இதை வரைந்து எப்போதோ செத்துப்போன அந்த டச்சுக்காரன் கடலில் கிடந்து குடல் வெளியே வர வாந்தி எடுத்தவனாகத்தான் இருக்க வேண்டும். கரையில் நின்று பார்த்தவனுக்கு அந்தச் சாம்பல் பச்சை பிடிபடாது.

ஆனால் கப்பலுக்கு இடப்பக்கம், அதன் நிழல் விழுகிற இடத்தில், கொஞ்சம் தண்ணீர் வாளியில் பிடித்து வைத்தது போலச் சும்மா கிடந்தது.

அவள் பழைய ஓவியங்களைச் சீராக்குகிறவள். அருங்காட்சியகத்தின் பின்பக்கத்தில், சன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டிய பட்டறையில் வேலை. வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அப்பா மூட்டை தூக்கியும் அம்மா ஊரார் வீட்டுத் தரையைத் துடைத்தும் படிக்க வைத்தார்கள். மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று தெருவில் கேட்டால் அம்மா, "படத்துக்கு வைத்தியம் பாக்குற டாக்டர்" என்பாள். அந்தப் பெயர் எப்படியோ அருங்காட்சியகம் வரைக்கும் வந்துவிட்டது. பாதிப் பேர் மரியாதையாகவும் பாதிப் பேர் நக்கலாகவும் டாக்டர் என்றார்கள். யார் எந்தப் பாதி என்று அவளுக்குத் தெரியும்.

தங்கையும் அதே பட்டறையில்தான் இருந்தாள். பிறந்த நாள் முதல் அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டே திரிந்ததால் வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். அக்கா படித்த படிப்பையே படித்து, அக்கா வேலை பார்க்கும் இடத்துக்கே வந்து ஒட்டிக்கொண்டாள். மேசையில் படுக்க வைத்த ஓவியத்தைப் பார்க்க அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தரையில் மண்டி போட்டு, மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, மோவாயை விளிம்பின் மேல் வைத்துக்கொள்வாள். கண் மட்டத்தில் பார்த்தால் பெயிண்டின் மேடுபள்ளம் மலையும் மடுவுமாகத் தெரியும். மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு எட்டு விரல்களும் ஒரு தலையும் மட்டும்தான் தெரியும். இடது ஆள்காட்டி விரலில், சூடான பசைக் கரண்டி பட்டு வெந்த வெள்ளைத் தழும்பு.

ஓவியம் வந்த அன்றைக்கும் அப்படித்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு, "இந்த இடத்துல மட்டும் காத்து அடிக்கலியாக்கா?" என்றாள்.

அக்கா கொஞ்ச நேரம் முன்புதான் இஸ்திரியின் அறையிலிருந்து வந்திருந்தாள். எந்த நேரத்திலும் சட்டையில் ஒரு மடிப்பு விழாத இயக்குநருக்குக் கடைநிலை ஊழியர்கள் வைத்த பெயர் அது. பட்டறையில் தற்காலிக ஆட்களாக இருக்கும் அக்கா தங்கை இருவரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்க முடியும், மற்றவர் இந்த ஓவியம் வைக்கப்போகிற கண்காட்சியோடு போக வேண்டியதுதான் என்று சொன்னார். சீனியர் என்பதால் யார் என்பதை அவளே யோசித்துச் சொன்னால் நன்றாக இருக்கும் என்றார். குளிர்பானம் வேண்டுமா என்று கேட்கிற குரல். அந்தக் குரலைக் கேட்டதும் அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் சார் என்று சொல்லிவிட்டு வந்தாள். வாலுவிடம் சொல்லவில்லை.

மறுநாள் விளக்கை அணைத்துவிட்டு புற ஊதாக் கதிர் விளக்கைப் போட்டார்கள். அந்த வெளிச்சத்தில் பழைய வார்னிஷ் குளத்துப் பாசி மாதிரி பச்சையாக மினுங்கும். பிற்காலத்தில் யாராவது மேலே பூசியிருந்தால் அந்த இடம் மட்டும் கறுப்பாகத் தெரியும். அசையாத தண்ணீர் மைக்கறுப்பாக இருந்தது. நீளமாக, இரண்டு முனையும் கூராக, ஒரு படகின் வடிவத்தில்.

அவளுக்குச் சுரீரென்று ஏறியது. கண்காட்சிக்கு வருகிற கூட்டம் இந்தப் படத்தின் முன்னால் நின்று என்ன அழகு, என்ன காற்று, என்ன கம்பீரம் என்று உருகப் போகிறது. இந்தக் கப்பல் எங்கே போனது, யார் வீட்டை வழித்துத் துடைத்துக்கொண்டு வந்தது என்று ஒருத்தரும் கேட்கப் போவதில்லை. கப்பல்காரன் காசு கொடுத்து வரையச் சொல்லியிருப்பான், பிடிக்காததைக் காசு கொடுத்து மறைக்கவும் சொல்லியிருப்பான்.

"எதையோ அமுக்கியிருக்கானுங்க. எடுத்துருவோம்" என்றாள்.

எச்சில்தான் மருந்து. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் பழைய அழுக்கை ஓவியத்துக்கு வலிக்காமல் எடுக்க அதைவிட இதமான ஒன்று இல்லை. குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் நனைத்து, படத்தின் மேல் மெல்ல உருட்டிவிட்டுத் தூக்கிப் போட வேண்டும். பட்டறையில் மீறக் கூடாத சட்டம் ஒன்றே ஒன்று. படத்தைத் தொட்ட பஞ்சு மறுபடி வாய்க்குப் போகக் கூடாது. பழைய வெள்ளையில் ஈயம், பழைய பச்சையில் பாஷாணம், எல்லாம் விஷம்.

"படத்து மேல துப்பறதுக்கா உங்கள இவ்ளோ படிக்க வச்சேன்னு அப்பா கேக்குறாரு" என்றாள் வாலு, குச்சிகளில் பஞ்சு சுற்றிக்கொண்டே.

"துப்ப வேண்டிய மூஞ்சி எல்லாம் வெளியில இருக்கு, அதெல்லாம் முடியாதுன்னுதான் இங்க துப்புறேன்னு சொல்லு."

வாலு சிரித்த சிரிப்பு கறுப்புத் தாள் ஒட்டிய அறை முழுக்க உருண்டது. அக்காவுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் இஸ்திரியின் முகம் நினைவுக்கு வந்தது.

மேல்பூச்சு எண்ணெய் வண்ணம் இல்லை, ஏதோ பசை கலந்த மட்டமான வண்ணம். எச்சில் பட்டதும் கரைந்தது. முதலில் வந்தது ஒரு நகம். அரிசியில் பாதிகூட இல்லாத விரல் நுனி, அதில் நகம், நகத்தின் ஓரத்தில் அழுக்கு. பிறகு அந்த விரல். அது பிடித்துக்கொண்டிருந்த படகு விளிம்பு. அதன் பக்கத்தில் இன்னொரு கை, அப்புறம் இன்னொன்று. படகைச் சுற்றிலும் தண்ணீருக்குள்ளிருந்து கைகள் வந்து விளிம்பைப் பற்றியிருந்தன. படகுக்குள் சிலர் முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருந்தார்கள்.

என்ன செய்கிறார்கள் என்று தெரிய இன்னும் சில நாட்களானது.

வெட்டிக்கொண்டிருந்தார்கள். படகு நிறைந்துவிட்டது, தண்ணீரில் கிடப்பவர்களும் ஏறினால் கவிழ்ந்துவிடும். அதனால் ஏற வருகிறவர்களின் விரல்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். படகின் அடியில், காலடித் தண்ணீரில், விரல்கள் சிதறிக் கிடந்தன. விரல் போன ஒருவன் வாயால் விளிம்பைக் கவ்வியிருந்தான், அவன் பற்களுக்கு நடுவில் மரச் சிராய்கூட இருந்தது. அவன் தலைமுடியை ஒரு கை கொத்தாகப் பிடித்திருந்தது, இன்னொரு கை அவன் தொண்டைக்கு நேராக ஒரு கத்தியை. கயிறுகளை அத்தனை நுணுக்கமாக இழுத்த அதே ஒற்றை மயிர்த் தூரிகைதான் கிழிந்த தோலையும் நரம்பையும் இழுத்திருந்தது. அதே பொறுமையோடு. அதே ரசனையோடு. கொடிக்கு வைத்த சிவப்பையே வரைந்தவன் இதற்கும் வைத்திருந்தான்.

வாலு மோவாயை விளிம்பில் வைத்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள். பிறகு, "மூடினவன் நல்லவன்க்கா. பாக்க முடியாம மூடியிருக்கான். நாமளும் விட்டுருவோம்" என்றாள்.

"செத்தவன மூடுறது நல்லதனமா? எவன் வெட்டுனான்னு தெரிய வேணாம்?"

படகின் நடுவில் நின்றவன் இன்னும் பாதி மறைந்திருந்தான். கோடரி ஓங்கிய கை மட்டும் வெளியே வந்திருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் அசையாத தண்ணீர்.

அந்த முகத்தை எடுக்க வேண்டும் என்ற வெறி அவளைப் பிடித்துக்கொண்டது. சாப்பிடும்போதும் அதுதான். மூக்கும் வாயும் எப்படி இருக்கும் என்று யோசிப்பாள். எதிரே வருகிற கொழுத்த முகங்களை எல்லாம் அந்தத் தோள் மேல் வைத்து வைத்துப் பார்ப்பாள். இஸ்திரியின் முகம் கச்சிதமாகப் பொருந்தியது.

இஸ்திரி மறுபடி கூப்பிட்டுவிட்டார். கண்காட்சி நெருங்கிவிட்டது, மேலே பதில் சொல்ல வேண்டும், என்ன முடிவு செய்தீர்கள் டாக்டர் என்றார். அவர் மேசை மேல் தூசி இல்லை. சன்னலுக்கு வெளியே மத்தியான வெயில். அந்த வெளிச்சத்தில் நின்றபோது அவளுக்கு அம்மாவின் முழங்கால்கள் ஞாபகம் வந்தன, தரை துடைத்துத் துடைத்துக் காய்ப்பு ஏறிய முழங்கால்கள். வேலை போய்த் திரும்பி அந்தத் தெருவுக்குப் போவதை நினைத்தாள். எல்லோரும் பார்க்க.

"அவளுக்கு இன்னும் கை திருந்தல சார்" என்றாள்.

அவ்வளவுதான். இஸ்திரி தலையாட்டினார்.

பட்டறைக்கு வந்தபோது வாலு, குச்சிகளை வரிசையாகச் சுற்றி வைத்துவிட்டு அக்காவுக்காகக் காத்திருந்தாள். அத்தனை சுற்றும் அச்சில் வார்த்தது போல இருந்தன. எங்கேக்கா போயிருந்தே என்று கேட்டதற்கு, பஞ்சு தீரப்போகிறது, ஸ்டோருக்குப் போய் வாங்கி வா என்று எரிந்து விழுந்தாள். வாலு போனாள். அக்கா உட்கார்ந்து, ஒரு குச்சியை எடுத்து நனைத்துப் படத்தில் உருட்டினாள். உருட்டிய அதே குச்சியை, என்ன செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், திரும்ப வாயில் வைத்தாள்.

உப்பு.

வார்னிஷின் கசப்பு இல்லை, தூசியின் மண் ருசி இல்லை. கடல் உப்பு, அதற்குப் பின்னால் உதட்டைக் கடித்துக்கொண்டால் வருகிற இரும்பு ருசி. குச்சியை எடுத்துப் பார்த்தாள். பஞ்சு சிவந்திருந்தது, ஈரமாக, வெதுவெதுப்பாக. சீராக்குகிறவர்களுக்குக் கனவிலும் வரக் கூடாத விஷயம் மூல வண்ணம் பஞ்சில் ஒட்டிக்கொண்டு வருவது. பதறிப்போய்ப் படத்தைப் பார்த்தாள். படத்தில் சிவப்பு குறைந்திருக்கவில்லை. கூடியிருந்தது.

எழுந்து போய் வாயைக் கழுவியிருக்க வேண்டும். அவள் எழுந்திருக்கவில்லை. ஊதா விளக்கைப் போட்டு, அறை விளக்கை அணைத்தாள். முகத்தின் மேல் கொஞ்சம்தான் கறுப்பு மிச்சம் இருந்தது. இன்றைக்கு அவனைப் பார்த்துவிட வேண்டும்.

எங்கேயோ கயிறு முறுக்கேறுவது போல ஒரு சத்தம் கேட்டது, நீளமாக, இழுத்து இழுத்து, அறையின் ஒரு மூலையில் தொடங்கி மறு மூலையில் போய் முடிகிற மரத்தின் முனகல். ஏ.சி. சத்தமாக இருக்கும் என்று நினைத்தாள். தார் வாடையும், நனைந்த கம்பளியின் வாடையும், ரொம்ப நாள் அடைத்து வைத்த மீன் பெட்டியைத் திறந்தது போல ஒரு வாடையும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து அவள் மூக்கில் உட்கார்ந்தன. மேசையின் ஓரத்தில் கிடந்த குச்சிகள் மெல்ல உருண்டு வலப்பக்கம் போயின. நின்றன. திரும்ப இடப்பக்கம் உருண்டு வந்தன. காலில் ஏதோ ஜில்லென்று பட்டது. அவள் குனிந்து பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டூலின் குறுக்குச் சட்டத்தில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, நனைத்தாள், உருட்டினாள். அதே குச்சி. நனைத்தாள், உருட்டினாள்.

முகம் வந்தது.

இஸ்திரி இல்லை. கொழுத்த முகம் இல்லை. கொடூரம்கூட இல்லை. கன்னம் ஒட்டிய, சாதாரணமான, நாலு பேரோடு வரிசையில் நின்றால் அடையாளம் தெரியாத முகம். கோடரியை ஓங்கிக்கொண்டு அது அழுதுகொண்டிருந்தது. மூக்கு ஒழுகி உதட்டில் இறங்கியிருந்தது. பயம், அப்பட்டமான பயம். இத்தனை நாளும் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தவர்கள் இப்போது லேசாகத் தலையைத் திருப்பியிருந்தார்கள். ஒதுங்கியிருந்தார்கள். நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு.

தரை சாய்ந்தது.

ஸ்டூல் வழுக்கியது. அவள் மேசை மேல் ஏறிவிட்டாள், எப்படி ஏறினாள் என்று தெரியாது. முழங்காலுக்கு அடியில் ஓவியம், பச்சையாக மினுங்கும் கடல். கீழே கறுப்பாக ஏதோ அலம்பியது. சுவரில் மோதித் திரும்பியது. எங்கேயோ தலைக்கு மேலே பாய் கிழிந்தது, பட்டென்று.

மேசை ஆடியது.

ஒரு கை. விளிம்பில். நாலு விரல், நனைந்து வெளுத்து ஊறிப்போன விரல்கள். அதன் பக்கத்தில் இன்னொன்று. எதிர்ப்பக்கம் இரண்டு. பலகை அவர்கள் பக்கம் சாய்ந்தது. அடியிலிருந்து யாரோ மூச்சுக்கு இழுத்தார்கள், தண்ணீரும் காற்றுமாக. இடம் இல்லை என்று அவள் சொன்னாள். கத்தவில்லை, கெஞ்சினாள். இடம் இல்லைங்க. ஒருத்தருக்குத்தான்.

இன்னும் கைகள்.

கதவை ஒட்டிய சுவரில், தீப்பிடித்தால் எடுக்க வேண்டிய கோடரி கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. மேசையிலிருந்து எட்டினால் எட்டும். முழங்கையால் இடித்தாள். கண்ணாடி கையைக் கிழித்தது. வலிக்கவில்லை. பிடி கையில் கச்சிதமாக உட்கார்ந்தது.

ஓங்கினாள்.

முதல் வெட்டு மரத்தில் இறங்கியது. இரண்டாவது சரியாக விழுந்தது. எலும்பு, ஈரமான சுள்ளி மாதிரி. கை போயிற்று, விரல்கள் நின்றன. ஒரு தலை எழும்பியது. அதன் மேல் இறக்கினாள். அது போயிற்று. திரும்பினாள். இந்தப் பக்கம். அந்தப் பக்கம். மூக்கு ஒழுகி உதட்டில் இறங்கியது. உப்பு. மேசை நிமிர்ந்தது. கொஞ்சம் நிமிர்ந்தது. இன்னும் ஒரு பக்கம் கனம்.

கதவு திறந்த சத்தம் கேட்டதா? கேட்டது போல இருந்தது. வெளிச்சம் ஒரு கீற்று வந்து போயிற்று. யாரோ பக்கத்தில் மண்டி போட்டார்கள். இரண்டு கைகள் விளிம்பைப் பிடித்தன, அவற்றுக்கு நடுவில் ஒரு மோவாய்.

"அக்கா. இருட்டுல என்னக்கா பண்றே, முகம் வந்துருச்சா?"

வெள்ளைத் தழும்பு. இடது ஆள்காட்டி விரலில்.

தெரிந்தது. கோடரி உச்சியில் இருக்கும்போதே தெரிந்தது. நிறுத்த நேரம் இருந்தது. இந்தக் கைகள் ஈரமாக இல்லை. பஞ்சின் இழைகள் ஒட்டிக்கொண்டிருந்த, உலர்ந்த, சூடான கைகள். அதுவும் தெரிந்தது.

மேசை அந்தப் பக்கம் சாய்ந்தது.

இறக்கினாள்.

அதற்கப்புறம் சத்தம் ஓய்ந்தது. மரம் முனகவில்லை. குச்சிகள் உருளவில்லை. தரை, தரையாக இருந்தது. ஸ்டோரிலிருந்து வந்த பஞ்சுப் பொட்டலம் வாசலருகே கிடந்தது.

ஓவியத்தில் படகு லேசாக மிதந்துகொண்டிருந்தது. அதன் விளிம்பில் இப்போது ஒரு கையும் இல்லை. நடுவில் நின்றவன் அழுகையை நிறுத்தியிருந்தான்.

ஊதா வெளிச்சத்தில் ரத்தம் சிவப்பாகத் தெரியாது. கறுப்பாகத் தெரியும், பிற்காலத்தில் யாரோ பூசிய பூச்சு மாதிரி. மேசை விளிம்பெல்லாம் கறுப்பு, அவள் முழங்கை வரைக்கும் கறுப்பு. மூலத்தில் இல்லாதது. எடுத்துவிடலாம். அவள் இறங்கிப் பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றினாள், நாக்கில் நனைத்தாள். விளிம்பைப் பற்றியபடியே நின்றுவிட்ட விரல்களில் முதல் விரலை, நகத்திலிருந்து தொடங்கி, வலிக்காமல் உருட்டித் துடைத்தாள். குச்சியைக் குப்பையில் போட்டாள். புதிதாக ஒன்று சுற்றினாள். தழும்பு பளிச்சென்று வெளியே வந்தது. இந்த முறை எந்தப் பஞ்சையும் இரண்டாம் தடவை வாயில் வைக்கவில்லை.

கடைசி விரலுக்கு வந்தபோது, மேசைக்கு அடியில் ஏதோ நகர்ந்தது. பிடிப்பதற்கு விரல் இல்லாத ஒரு கை மெல்ல மேலே ஏறி, விளிம்பைத் தடவிப் பார்த்தது. வழுக்கிக் கீழே போயிற்று. மறுபடி ஏறி வந்தது.

அவள் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, கோடரியைத் தேடினாள்.